வெரினோவ் கிளை

எங்கள் நிழல்கள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வராமல் வேலை பார்ப்பது எப்படி என்பதையும் அவை எங்களிடமே கற்றுக்கொண்டிருந்தன.

நாங்கள் என்றால் நான்கு பேர். ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனத்தின் பாளையங்கோட்டைக் கிளை. பைக்கை ஆட்டோவில் மோதியவர், காரை வேப்பமரத்தில் ஏற்றியவர், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் மேல் தேங்காய் விழுந்தவர் என்று தினமும் யாராவது புகைப்படமும் நடந்த கதையும் அனுப்புவார்கள். படித்துப் பார்த்து, கொடுக்கலாம் அல்லது கூடாது என்று எழுதுவது எங்கள் வேலை. க்ளைம் பார்ப்பது என்று சொல்வோம்.

இந்த வேலையைத்தான் நிழல்களுக்குக் கொடுக்கத் தலைமை அலுவலகம் முடிவு செய்தது. விதிப்புத்தகத்தை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சி முன்பே ஒருமுறை நடந்து, அது மழைத்தண்ணீரில் மிதந்த காரைப் படகு என்று முடிவு கட்டிவிட்டது. அதனால் இந்தமுறை புத்தகம் வேண்டாம், ஆளையே பாடமாக வைப்போம் என்றார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை. மானிட்டர் மேல் நம் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கேமரா. இரண்டு வாரம் வழக்கம்போல வேலை பார்த்தால் போதும். எதில் கண் நிற்கிறது, எங்கே கை தயங்குகிறது, எதற்குப் பிறகு எது, எல்லாம் உள்ளே போய்விடும். அதன் பிறகு உங்கள் இடத்தில் உங்கள் நிழல் வேலை பார்க்கும். அது தேறிவிட்டது என்று தெரிந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். இதைச் சொன்ன சுற்றறிக்கையில் ‘விடுதலை’ என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் நல்ல பிள்ளைகளாக இருந்தோம். மூன்றாம் நாள் பட்டை கையில் இருப்பதே மறந்துபோனது.

சுயம்பு அண்ணாச்சி காலி மாத்திரை அட்டையின் தகட்டை உரித்து மயில், ஆடு, வில்வண்டி என்று செய்வார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு என்பதால் தகட்டுக்குக் குறைவில்லை. பிரிசில்லா அக்கா கிறிஸ்துமஸ் நாடகம் எழுதுவாள். அவளுடைய சபை வருஷத்துக்கு ஒரு நாடகம்தான் கேட்டது. அவள் மாதத்துக்கு ஒன்று எழுதினாள். ஏரோது ராஜா அவள் கையில் மாட்டினால் மேடையை விட்டு இறங்கவே மாட்டான். நான் ஒரு நகரத்தை வரைந்துகொண்டிருந்தேன். க்ளைம் திரைக்குப் பின்னால் இன்னொரு திரையில் அது இருந்தது. பெயர் வெரினோவ். அதை மேப்பில் எங்கும் எழுதி வைக்கவில்லை. பாதி வருஷம் உறைந்து கிடக்கும் ஆறு, ஒரு பக்கமாகச் சாய்ந்த மணிக்கூண்டு, டிராம் தடம், அடுப்பு அணையாத ரொட்டிக்கடை. பனிக்கட்டியை நான் பிரிட்ஜின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில்தான் எனக்கு முதலில் பனி பெய்தது. புத்தகம் முடிந்த பிறகும் அது நிற்காததால் பெய்வதற்கு ஓர் ஊர் தேவைப்பட்டது.

நான்காவது ஆள் ஆறுமுகநயினார் அண்ணாச்சி. அவர் க்ளைம் பார்ப்பார்.

வேறெதுவும் செய்ய மாட்டார். தயிர்சாதம் சாப்பிடும்போதும் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நசுங்கிய கதவின் படம் திறந்திருக்கும். பதிவு நடந்த இரண்டு வாரமும் அவர் கண்புரை அறுவைக்காக விடுப்பில் இருந்ததால் அவருக்கு மட்டும் நிழல் இல்லை.

எங்களைக் காட்டிக்கொடுத்தது பிரிசில்லா அக்காவின் நிழல். திசையன்விளையிலிருந்து ஒருவர், மாடு குறுக்கே வந்ததால் கார் பள்ளத்தில் இறங்கியது என்று எழுதியிருந்தார். வழக்கமாக மாட்டின் நிறத்தைக்கூட நாங்கள் கேட்பதில்லை. நிழல் கேட்டது. அந்தக் கணத்தில் மாட்டின் முகத்தில் என்ன தெரிந்தது, உங்கள் மனைவி அப்போது என்ன சொன்னார், அதற்கு நீங்கள் என்ன சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள், விரிவாக எழுதவும். அவர் விரிவாக எழுதினார். மூன்றாவது பதிலில், மாடே வரவில்லை, வண்டியை ஓட்டியது மனைவி, அவளுக்கு லைசன்ஸ் இல்லை என்று ஒப்புக்கொண்டார். க்ளைம் கிடைக்கவில்லை. ஆனாலும் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டு, தன்னிடம் இவ்வளவு அக்கறையாக யாரும் பேசியதில்லை என்று நன்றி சொன்னார். காப்பீட்டு நிறுவனத்துக்கு நன்றி சொல்லி ஒரு போன் வந்ததும் அவர்கள் பயந்துபோனார்கள். மறுவாரமே சென்னையிலிருந்து விதுரன் வந்துவிட்டான்.

நிழல்களைச் செய்த பொறியாளன் அவன். என் வயதுதான் இருக்கும். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தோம். அவனோ மருத்துவமனையில் ரிப்போர்ட் வாசிப்பவன்போல மெதுவாகப் பேசினான். சுயம்பு அண்ணாச்சியின் நிழலுக்குத் தகட்டைத் தொடக் கை இல்லை. அதனால் அது விபத்துப் படங்களில் பிராணிகளைத் தேடிக்கொண்டிருந்தது. பின்கதவில் கொக்கு, முன் பம்பரில் படுத்த எருமை என்று ஓரத்தில் குறிப்பு எழுதி, அழகாக நசுங்கியவற்றுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்திருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

“உங்க நிழல் மேல எனக்கு சந்தேகமே வரல மேடம். நான் எப்ப உள்ள போய்ப் பார்த்தாலும் க்ளைம்தான் பாத்துட்டு இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, நான் வர்றது அதுக்குத் தெரியுது. நான் நுழையிறப்ப சிஸ்டம்ல ஒரு சின்ன அசைவு இருக்கும். அதைக் காலடிச் சத்தம்னு எடுத்துக்கிட்டு மேப்ப மூடிடுது.”

எனக்குப் பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அது வரைந்ததைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்து புதிதாகச் சேர்ந்திருந்தது. அடுத்த வாரம் நான் வரைய நினைத்திருந்த சந்து.

அந்த மேப்பையும் நாடகத்தையும் மட்டும் வெட்டி எடுத்துவிட முடியாதா என்று பிரிசில்லா அக்கா கேட்டாள். தன் நிழலுக்காக அவளே பரிந்து பேசியதுபோல இருந்தது.

“எடுத்துப் பாத்தோம் மேடம். அத எடுத்தா க்ளைம் பாக்குறதும் கெட்டுப்போகுது. எது எதைத் தாங்கிட்டு நிக்குதுன்னே தெரியல.” அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “இந்த மாதிரி பழக்கம் ஒண்ணுமே இல்லாத ஒரு ஆள் கிடைச்சா போதும். அவர் நிழலையே நாலா நகல் எடுத்துடலாம்.”

எங்கள் மூன்று பேர் கண்ணும் ஒரே நாற்காலிக்குப் போனது. அங்கே நயினார் அண்ணாச்சி, புதுக் கண்ணால் ஒரு மட்கார்டைப் பார்த்தபடி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பதிவு என்று சொல்லிவிட்டு விதுரன் ஊருக்குப் போனான். இந்த வேலை போனால் அப்பாவின் ரைஸ்மில்லில் கணக்கு எழுதப் போக வேண்டும். அங்கே அப்பாவின் நாற்காலி என் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கும். அத்தோடு வெரினோவ் முடிந்தது. சம்பளத்தைவிட அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சுயம்பு அண்ணாச்சி நேராகவே பேசிப் பார்த்தார்.

“நயினாரு, அந்த எந்திரத்துக்கு நீரு சொல்லிக்குடுத்தீருன்னா நம்ம நாலு பேரும் வீட்டுக்குத்தான் போவணும். தெரியும்லா?”

“தெரியும் வே. அதுக்காவ வேலைய ஒழுங்கா பாக்காம இருக்க முடியுமா?”

இதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றுமில்லை. அவரைக் கெடுப்பது என்று முடிவு செய்தோம். பதிவு தொடங்குவதற்குள் அவருக்கு எப்படியாவது ஒரு பித்தைப் பிடிக்க வைக்க வேண்டும்.

சுயம்பு அண்ணாச்சி மயில் செய்யக் கற்றுக்கொடுத்தார். நயினார் அண்ணாச்சி ஒருமுறை பார்த்தார், அச்சு அசலாக ஒன்றைச் செய்து மேஜையில் வைத்தார், முடிந்துவிட்டது என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த க்ளைமைத் திறந்தார். இரண்டாவது மயில் எதற்கு என்பது அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. பிரிசில்லா அக்கா தன் நாடகத்தை வாசிக்கக் கொடுத்தாள். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது, சத்திரத்தில் இடம் இல்லை என்று சொன்னவர் அறைகளைத் திறந்து காட்டினாரா, சாட்சி உண்டா என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

கடைசியாக என் முறை. நம்பிக்கை இல்லாமல்தான் வெரினோவைத் திறந்து காட்டினேன்.

“இது எந்த ஊரு?”

“இல்லாத ஊரு அண்ணாச்சி.”

“இல்லாத ஊருக்கு டிராம் எதுக்கு?”

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து, மணிக்கூண்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் தெருவில் விரலை வைத்தார்.

“இந்த முக்குல வண்டி சறுக்கும்.”

“சறுக்கும் அண்ணாச்சி. பனி பெய்யும்லா.”

“சறுக்கி ஆத்துல விழுந்தா?”

“ஆறு உறைஞ்சிருக்கும். முங்காது. மேலயே கெடக்கும்.”

அவர் விரல் அங்கேயே நின்றது. தண்ணீரில் விழுந்தால் அது வெள்ளத்தில் சேரும், தரையில் விழுந்தால் விபத்தில் சேரும், இது தண்ணீர் மேல்தான் விழுந்திருக்கிறது, ஆனால் நனையவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து தன் இடத்துக்குப் போனார். அன்று அவர் டிபன் பாக்ஸைத் திறக்க மறந்ததைப் பிரிசில்லா அக்காதான் முதலில் பார்த்தாள். என் தொடையில் கிள்ளினாள்.

மறுநாள் காலை நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“தாயி, பனி இயற்கைச் சீற்றமா, இல்ல அந்த ரோட்டோட சுபாவமா?”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அண்ணாச்சி?”

“சீற்றம்னா குடுக்கணும். சுபாவம்னா, ஓட்டுனவன் தெரிஞ்சுதான் ஓட்டியிருக்கான். குடுக்கப்படாது.” கொஞ்சம் தயங்கினார். “புஸ்தகத்துல இல்ல.”

ஊழியத்தில் சேர்ந்த நாளிலிருந்து, புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர் சந்தித்தது அன்றுதான். யார் சறுக்கியது என்று கேட்டார். பிரிசில்லா அக்கா தலையைத் தூக்காமலே, ரொட்டிக்கடைக்காரியின் சறுக்குவண்டி, பேர் நதாலினா, புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகிறது, வண்டியில் காலை ரொட்டி முழுக்க இருந்தது என்றாள். சுயம்பு அண்ணாச்சி மத்தியானத்துக்குள் தகட்டில் ஒரு குதிரையும் சறுக்குவண்டியும் செய்துவிட்டார். ஃபைலைச் சாய்த்துப் பிடித்து வண்டியை எத்தனையோ தரம் சறுக்கவிட்டோம். நயினார் அண்ணாச்சி தரையில் குந்தி உட்கார்ந்து, குதிரை எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சிரித்தபடியே க்ளைமைத் தள்ளுபடி செய்தார்.

நதாலினா மேல்முறையீடு செய்தாள். அதை எழுதியது பிரிசில்லா அக்கா. படித்தால் கல்லும் கரையும். அவர் கரையவில்லை. அதையும் தள்ளுபடி செய்தார். பிறகு டிராம் நடத்துநர் வந்தார். குடித்துவிட்டு மணியடித்து, மணி கழன்று யாரோ நிறுத்தியிருந்த வண்டி மேல் விழக் காரணமான மணிக்காரன் வந்தான். தினமும் காலையில் வந்ததும், ராத்திரி வெரினோவில் ஏதாவது நடந்ததா என்று கேட்பார். நான் அவசர அவசரமாக ஒரு தெருவை வரைந்து அதில் ஒரு வளைவு வைப்பேன். எத்தனையோ நாள் தனியாக நடந்த ஊரில் திடீரென்று ஆள் நடமாட்டம். அந்தச் சில வாரங்களைப்போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

பதிவு தொடங்கிய பிறகும் இது நடந்தது. உண்மையான ஆவணத்தில் இல்லாத ஊரை எழுதும் ஆள் இல்லை அவர். புதிதாகச் சேர்பவர்கள் பழகுவதற்கென்று கணினியில் ஒரு பக்கம் உண்டு; வெரினோவ் க்ளைம்களை அதில்தான் போடுவார். அந்தப் பக்கத்திலும் ‘கிளை’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தைக் காலியாக விட அவருக்கு மனம் வராது. வெரினோவ் என்று நிரப்பினார்.

இரண்டு வாரம் முடிந்து விதுரன் வந்தபோது, நாங்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உள்ளுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அவனோ வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

“சார் கை வேற எங்கயும் போகவே இல்ல. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் க்ளைம். க்ளைம் மட்டும்தான். இப்படி ஒரு நிழல் எங்களுக்குக் கிடைச்சதே இல்ல.”

பிழை எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அவருக்குக் கொடுத்த பித்தும் அவருடைய வேலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. நிஜ க்ளைமிலும் வெரினோவ் க்ளைமிலும் அவர் கண் ஒரே அக்கறையோடு ஓடியது, கை ஒரே இடத்தில் தயங்கியது. பழகும் பக்கம் எது, நிஜப் பக்கம் எது என்று அந்தக் கையைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. மாதக் கடைசியில் எங்கள் நான்கு பேருக்கும் விடுதலை என்று தகவல் வந்தது. நயினார் அண்ணாச்சி தன் குடையையும் டம்ளரையும் ஒரு பையில் எடுத்து வைத்தார். அப்பா எனக்கென்று ஒரு மேஜை வாங்கிப் போட்டார்.

கடைசி வாரத்தில் விதுரன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். என்னை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

“வெரினோவ் எங்க இருக்கு மேடம்? நாங்குநேரி பக்கமா?”

திருநெல்வேலிக்குத் தெற்கே இருப்பதெல்லாம் தலைமை அலுவலகத்துக்கு ஒரே மூட்டம்தான். நான் பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். அந்தக் கிளையில் க்ளைம் கொட்டுகிறதாம். ஒன்றுக்குக்கூடப் பணம் போகவில்லை. ஒவ்வொரு மறுப்புக்கும் பக்கம் பக்கமாக விதி. மேல்முறையீடுகளும் முறைப்படி தள்ளுபடி. நாட்டிலேயே முதன்மையான கிளை அதுதான் என்று கூட்டத்தில் கை தட்டினார்களாம். இவ்வளவு நன்றாக நடக்கும் கிளையில் ஆளே இல்லை என்று தெரிந்ததும், உடனே ஆள் போடச் சொல்லி அவனை அனுப்பியிருக்கிறார்கள்.

நகலெடுத்த நான்கு நிழல்களும் பாதி நேரம் உட்கார்ந்து நதாலினாவுக்குப் புதுப்புது விபத்துகளை யோசித்து நிஜப் பக்கத்திலேயே பதிந்துகொண்டிருந்தன.

நான் உண்மையைச் சொன்னேன். மேப்பையும் திறந்து காட்டினேன்.

“அப்படி ஒரு ஊரே இல்லன்னு நான் எழுதினா, நிழல் ஃபெயில்னு எழுதணும்,” என்றான். “எனக்குப் போன வாரம்தான் பிரமோஷன் வந்துச்சு.”

பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தான்.

“அந்த ஊருக்கு பஸ் போகுமா மேடம்?”

“டிராம் போகும்.”

அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

“அப்ப ஆள் போடலாம்.”

எங்கள் நான்கு பேரையும் வெரினோவ் கிளைக்கு மாற்றி உத்தரவு வந்தது. சாலை வசதி சரியாகும் வரை பாளையங்கோட்டையிலிருந்தே பணி. கிளை மேலாளர் ஆறுமுகநயினார். பிரிசில்லா அக்கா கேக் வாங்கி வந்தாள். அதில் வெள்ளைச் சர்க்கரை தூவியிருந்தது.

வேலை தப்பியது. ஊர் தப்பவில்லை.

முதலில் மணிக்கூண்டு. அது சாய்ந்திருப்பது ஆபத்து, கிளைக்குப் பொறுப்பு வந்துவிடும், நிமிர்த்து என்றார் மேலாளர். நிமிர்த்தினேன். புதுத் தெரு வேண்டுமென்றால் காரணம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். நதாலினா வாரத்துக்கு இத்தனை தடவை என்று மேல்முறையீடு செய்ய வேண்டியிருப்பதால், பிரிசில்லா அக்காவுக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் அவளை ஆற்றில் தள்ளிவிடலாமா என்று கேட்கிறாள். சுயம்பு அண்ணாச்சி செய்யும் குதிரைகளுக்கு வரிசை எண் போட வேண்டும். எனக்குப் பனி இப்போது வேலை நாட்களில் மட்டும்தான் பெய்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரு நாவலைப் பிரித்தால், முதல் பக்கத்திலேயே யாரோ சறுக்கி விழுவார்களோ என்று கை தன்னால் பேனாவைத் தேடுகிறது.

இதற்கிடையில் நிஜ க்ளைம்களை நிழல்கள்தான் பார்க்கின்றன. பார்க்கிற அளவுக்குப் பார்க்கின்றன. மனம் வெரினோவில் இருப்பதால், கொஞ்சம் கோணலானவற்றை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுகின்றன. அப்படி ஒதுங்கியவை ஒரு மூலையில் சேர்ந்துகொண்டே போயின. ஒருநாள் வேலை அலுத்துப்போய் சும்மா அதில் ஒன்றைத் திறந்தேன்.

தாழையூத்திலிருந்து ஒருவர். நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் சீட் மேல் ஆடு ஏறிக் குதித்துவிட்டது. சீட் கிழிந்த படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ரெக்சினில் குளம்பு பதிந்த இடம் இரண்டு சின்னப் பிறைபோலத் தெரிந்தது. வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, பின்னால் சுவரில் என்ன போஸ்டர், வாசலில் யார் செருப்பு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டின் நிறம் என்ன என்று கேட்டு எழுதினேன். விதிப்படி அது தேவையில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை, பேர் துரை, இதற்கு முன்பு பஞ்சாயத்துத் தலைவர் ஜீப் மேலும் ஏறியிருக்கிறது என்று பதில் வந்தது. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வெரினோவ் மேப்பைத் திரையில் விரித்து வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்து, ‘கொடுக்கலாம்’ என்று எழுதினேன்.

எழுதி முடிக்கவும் காலடிச் சத்தம் கேட்டது. என் கைக்கு இன்னும் மறக்கவில்லை. சத்தம் என் மேஜையை எட்டுவதற்குள் ஆடு மறைந்து ஆறு வந்துவிட்டது.

நயினார் அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார். நிமிர்ந்த மணிக்கூண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுயம்பு அண்ணாச்சி குதிரைக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறார், பிரிசில்லா அக்கா முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை உறுதி செய்துகொண்டு என் காதருகே குனிந்தார்.

“அந்தத் தாழையூத்து ஆட்டு க்ளைம எடுத்தது நீயா?”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அத நான் சாப்பாட்டு நேரத்துக்குன்னு எடுத்து வச்சிருந்தேன் தாயி,” என்றார்.